நெயில் பாலிஷ் கோடு

பெருக்குற கைக்கு மூக்குத்தி தெரியாது என்று கோயிலில் மணியடித்துப் பெருக்குகிற கோயில்பிள்ளை மிக்கேல் சொல்வார், அதற்குப் பின்னால் இன்னொரு பாதி உண்டு, அந்தப் பாதிதான் ரெமிஜியுஸுக்கு வரமாட்டேன் என்கிறது. திருவிழா முடிந்த மறுநாள் காலை கோயிலுக்குள் மணலும் மல்லிகைச் சருகும் கடலைத் தொலியுமாகக் கிடக்கும், மிக்கேல் நீள விளக்குமாற்றால் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு போவார், தோட்டைத் தொலைத்தவள், திருகாணியைத் தொலைத்தவள் என்று இரண்டு மூன்று பெண்கள் குனிந்தபடி பின்னாலேயே வருவார்கள், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வார், பெருக்குற கைக்கு மூக்குத்தி தெரியாது தாயி, அப்புறம் என்னமோ, அப்புறம் அந்தப் பெண்கள் சிரித்துவிடுவார்கள். சிரிப்பு நினைவில் இருக்கிறது, சிரிப்பதற்கு அதில் என்ன இருந்தது என்பது இல்லை. அது நினைவுக்கு வரவேண்டிய இடமா இது, விண்ணரசி என்கிற விசைப்படகின் இஞ்சின் அறை, நிமிர்ந்தால் தலை இடிக்கிற உயரம், ஜூன் மாதத்து மத்தியானம், மடியில் பதினாறு கிலோ டீசல் பம்ப். முந்தாநாள் அவன்தான் அதைக் கழற்றினான், டவுனில் பம்ப் கடைக்காரன் பிரித்துச் சோதித்துச் சாக்கில் சுற்றிக் கொடுத்திருக்கிறான், இனி மாட்ட வேண்டியதுதான் பாக்கி. மாட்டுவதற்கு என்ன, மூன்று போல்ட்டு, ஆறு குழாய், அரைமணி நேர வேலை. சற்று முன்னால்தான் மேலே சதுரமாகத் தெரியும் வெளிச்சத்தில் கஸ்பாரின் தலை வந்தது, தங்கை அமலியின் புருஷன், இந்தப் படகுக்கு உரிமைக்காரன், ஓட்டுகிறவனும் அவன்தான். "மச்சான், அந்தச் செவப்புக் கோட்டுக்கு நேரா வச்சு முறுக்கிருங்க, வேற ஒண்ணும் பாக்காண்டாம்." எந்தச் சிவப்புக் கோடு என்று கேட்டிருக்கலாம். "ம்" என்றான். கேட்க வாய் திறப்பதற்குள்ளேயே எந்தச் சிவப்பு என்று தெரிந்துவிட்டது. "இந்தாங்க, அமலி குடுத்துவிட்டா. பழைய கோடு மங்கிருக்கும், மாட்டுன பொறவு இதால நல்லா ஒரு இழுப்பு இழுத்து வச்சிருங்க" என்று கஸ்பார் எதையோ கீழே போட்டான், ரெமிஜியுஸின் கை தானாக ஏந்திக்கொண்டது. நெயில் பாலிஷ் புட்டி. கட்டைவிரல் அளவு. சிவப்பு.

பழைய கோட்டின் சிவப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வலது முழங்காலுக்குப் பக்கத்தில், எண்ணெய் வாளிக்குப் பின்னால், துடைத்துப் போட்ட கழிவு நூல் உருண்டைகளில் ஒன்றில், கரி எண்ணெய்க்கு நடுவே வெற்றிலை துப்பின மாதிரி ஒரு திட்டு. துடைக்கும்போதே பார்த்தான். பார்த்தான் என்றால், கண் பார்த்தது. முந்தாநாள் மேலே, படகில் வேலை பார்க்கிற தொம்மை கேபினுக்குச் சிவப்புப் பட்டை அடிக்க ஏணி வைத்துக்கொண்டிருந்தான், பெயிண்ட் சொட்டியிருக்கிறது என்று நினைத்து, "ஏ தொம்மை, கீழ ஆள் இருக்கது தெரியலையா, சிந்தாதடே" என்று சத்தம்கூடப் போட்டான். "நான் இன்னும் டப்பாவே தொறக்கல, இஞ்சினியரே" என்று மேலிருந்து வந்தது. வந்ததா? வந்தது. அதைத் தொம்மையின் வழக்கமான பொய் என்று எடுத்துக்கொண்டு, தின்னரில் நூலை இன்னும் கொஞ்சம் நனைத்து, அழுத்தித் துடைத்தான். வேலையில் ஓர் ஆனந்தம் இருந்தது அன்று, அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. புத்தகத்தின் முதல் வரியே அதுதான், கழற்றும் முன் பம்பையும் சுற்றியுள்ள பகுதியையும் முழுமையாகச் சுத்தம் செய்க. ஆங்கிலப் புத்தகம், மாலத்தீவிலிருந்து பிளாஸ்டிக் உறையோடு கொண்டுவந்தது. எட்டாம் வகுப்புவரை கடற்கரைப் பள்ளியில் தமிழிலும் அப்புறம் விடுதியில் ஆங்கிலத்திலும் படித்தவன் அவன், ஆங்கிலத்தில் அச்சடித்த எதுவும் இன்னும் ஒரு படி மேலே நின்று பேசுவதாகத்தான் படுகிறது, கீழே நிற்பவன் தலையாட்டினால் போதும். அந்த வரியில் தப்பும் இல்லை. பம்புக்குள் ஒரு பொட்டுத் தூசி போனால் தீர்ந்தது கதை, உள்ளே ஏறி இறங்கும் தண்டுக்கும் அது ஓடுகிற குழலுக்கும் நடுவில் ஒரு தலைமயிரை நீளவாக்கில் முப்பது நாற்பதாகக் கிழித்தால் அதில் ஒன்று போகிற இடைவெளிதான். அதனால் கழுவினான். இரும்பு பிரஷ்ஷால் தேய்த்தான், மண்ணெண்ணெய் விட்டான், மண்ணெண்ணெய்க்குப் போகாத இடத்துக்குத் தின்னர். வார்ப்பிரும்பு சாம்பல் நிறத்தில் முகம் கழுவின மாதிரி வந்தது. அப்புறம் நிதானமாக, புத்தகம் சொன்னபடி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, பல்சக்கரம் நகராமல் பிடித்துக் கட்டி, எல்லாவற்றையும் சரியாகச் செய்தான், எல்லாவற்றையும். கடைசியில், இருக்கும் இடத்தை அடையாளம் வைத்துக்கொள்க என்ற வரிக்கு வந்தபோது, பம்பின் தட்டிலும் இஞ்சின் உடம்பிலும் கம்பெனிக்காரனே போட்ட குறிகள் கண்ணில் பட்டன, அதுதான் அடையாளம் ஆயிற்றே என்று போல்ட்டைத் தளர்த்தினான்.

"இது எந்தக் கம்பெனி இஞ்சின்னு கடவுளுக்கே தெரியாது மச்சான்" என்று கஸ்பார் புட்டியைப் போட்ட கையோடு திறப்பின் விளிம்பில் குந்தி உட்கார்ந்துகொண்டான், நாளைக்குக் கடலுக்குப் போகிறவனின் சந்தோஷம், அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடை இன்றோடு முடிகிறது. "ஒடம்பு ஒரு லாரியோடது, தலை வேற லாரியோடது, பம்ப்பு நான் பழைய இரும்புக் கடையில பொறுக்குனது. இதுக்கு எந்தப் புத்தகத்துல போய்ப் பாக்கது? மூணு சீசன், மச்சான். தெனம் ஒரு மயிரிழை நகட்டுவேன், கடலுக்குக் கொண்டு போவேன், வலையத் தண்ணியில விட்டுட்டு ஸ்குரூ டிரைவர இஞ்சின்ல ஊணி மறுமுனையக் காதுல வச்சுக் கேப்பேன்." "அவுக காது நல்லாத்தான் இருக்கு, எங்க காதுதான் போச்சு" என்றான் பின்னாலிருந்து தொம்மை. "நீ சும்மா கெடலே. ஒரு நாள் பாருங்க, வலை நெறஞ்சு இழுக்கு, இவ திணறவே இல்ல. பொகை இல்ல, தட்டல் இல்ல. கரைக்கு வந்ததும் அமலிகிட்ட இந்தப் புட்டிய வாங்கிட்டு ஓடியாந்து கோட்டப் போட்டேன்." உளியால் கீறி வைத்திருக்கலாமே என்று ரெமிஜியுஸின் வாய் கேட்டது. குரல் சாதாரணமாகத்தான் வந்தது, அதுவே பயமாக இருந்தது. "வேண்டாம் மச்சான். ஏற்கெனவே எவன் எவனோ உளி வச்சு நாலு எடத்துல கீறிப் போட்டிருக்கான். இரும்புல போட்ட காயம் போவாது, பொறவு வாரவன் எதை நம்புவான்? இதுன்னா ஒண்ணே ஒண்ணு, செவப்பு, குருடனுக்கும் தெரியும்." சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்துப் படகுகளை மந்திரித்துக்கொண்டு வருகிறார், தெற்குக் கோடியில் பாட்டும் மணிச்சத்தமும் கேட்கின்றன, மெழுகுதிரி வாங்கி வைத்தார்களா, பூ வந்ததா என்று அங்கே அவனுக்கு ஆயிரம் வேலை.

குருடனுக்கும் தெரியும். ரெமிஜியுஸ் பம்பைத் தூக்கிப் போல்ட்டுகளில் ஏற்றினான், பல்சக்கரத்தோடு அது போய்ப் பொருந்திய க்ளுக் என்ற சத்தம் ஒரு கணம் நிம்மதியைக் கொடுத்தது, சரியான ஒன்று சரியான இடத்தில் போய் உட்காருகிற சத்தம், பிறகு தட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான், அது திரும்பியது. அதுதானே அதன் குணம். போல்ட்டுத் துளைகள் வட்டமாக இல்லை, பிறை மாதிரி வளைந்த நீளத் துளைகள், இந்தப் பக்கம் ஒரு நகத்தின் அகலம், அந்தப் பக்கம் ஒரு நகத்தின் அகலம், அதற்குள் எங்கே வைத்தாலும் உட்காரும், எங்கே வைத்தாலும் முறுக்கலாம். அந்த இரண்டு நகத்துக்கு நடுவில் எங்கேயோ கஸ்பாரின் மூன்று வருஷம் இருந்தது. கண்ணை மூடினான். சாம்பல் இரும்பு, அதில் கரி, கரியில் சிவப்பு, எங்கே? மேல் போல்ட்டுக்கு இடப்பக்கம். நன்றாகத் தெரிகிறது, கம்பெனிக் குறிக்கு இடப்பக்கம் ஓர் அரிசி நீளம் தள்ளி. கண்ணைத் திறந்து தட்டை அங்கே கொண்டுபோய் வைத்தான். மறுபடி மூடினான். வலப்பக்கம். இப்போது வலப்பக்கமும் அதே அளவுக்கு நன்றாகத் தெரிகிறது, கோட்டின் நுனி தூரிகை எடுத்த இடத்தில் கொஞ்சம் தடித்திருந்ததுகூடத் தெரிகிறது, அதைப் பார்த்தானா, இப்போதுதான் வரைகிறானா. நாலு உளிக்கீறல்களும் நாலு வாய் மாதிரி என்னை வை என்னை வை என்கின்றன. டீசல் இஞ்சினில் பொறி கிடையாது, மெழுகுதிரி மாதிரி பற்றவைக்க எதுவும் இல்லை, காற்றை அமுக்கி அமுக்கி அது தானாகக் கொதிக்கிற நேரத்தில் எண்ணெய்த் துளியைப் பீய்ச்ச வேண்டும், பீய்ச்சுகிற கணம்தான் தீ. அதுவும் பிஸ்டன் உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு இல்லை, போய்ச் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஏனென்றால் தீ பிடிக்கவும் நேரம் வேண்டும். அந்தக் கொஞ்சம் என்பது விநாடியை ஐந்நூறாகப் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு. பம்ப் இங்கே ஒரு மயிரிழை இப்படித் திரும்பினால் தீ முந்திக்கொள்ளும், ஏறுகிற பிஸ்டனின் தலையில் அடிக்கும், அடித்து அடித்து ஒரு நாள் ஓட்டை போடும். அப்படித் திரும்பினால் தீ பிந்தும், கரும்புகை, சூடு, இழுவை இல்லை. பம்பின் குழாயில் டீசல் சொட்டு நிற்கிற கணத்தைப் பார்த்து வைக்கும் முறை ஒன்று புத்தகத்தில் உண்டு, அது அவனுக்கு மனப்பாடம், ஆனால் உச்சிக்கு எத்தனை டிகிரி முன்னால் என்ற எண் வேண்டும், எண் யாருக்குத் தெரியும், எண்ணே தெரியாமல் காதால் கண்டுபிடித்த ஒருவனுக்குக் கோடு தெரியும், அந்தக் கோடு கழிவு நூலில் இருக்கிறது. ஓட்டிப் பார்த்து வைக்கலாமே? துறைமுகத்தில் கட்டிப்போட்டு ஓட்டினால் எங்கே வைத்தாலும் இவள் சமர்த்தாகத்தான் ஓடுவாள். வலை தண்ணீரில் கிடந்து பாரம் இழுக்கும்போதுதான் தெரியும், முப்பது மைல் வெளியே, கரையிலிருந்து கடல் பக்கம் தள்ளுகிற கச்சான் காற்றுக் காலம், படகில் ஆறு பேர்.

"என்ன இஞ்சினியரே, உள்ள ஜெபமாலை சொல்லுதியளா? சத்தத்தையே காணோம்" என்று தொம்மையின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. "முடியப் போகுது" என்றான். முடியப் போகுது, இதுவும் ஒரு பதில். இஞ்சினியர் என்று தொம்மை கிண்டலுக்குச் சொல்வதும் அமலி பெருமைக்குச் சொல்வதும் ஒரே சொல்தான், எங்க அண்ணன் மாலத்தீவுல பவர்ஹவுஸ் இஞ்சினியர், இருபத்தொரு வருசம், ஒரு தீவுக்கே கரண்டு குடுத்தாவ. ஜெனரேட்டரின் ஊசிகளைப் பார்த்து மணிக்கொரு தரம் நோட்டில் எழுதுகிற வேலை அது. பம்ப் கெட்டால் கப்பலில் வேறு ஆட்கள் வருவார்கள், கழற்றுவார்கள், மாட்டுவார்கள், அவன் குளிர்ந்த அறைக்குள் உட்கார்ந்து, பம்ப் மாற்றப்பட்டது, டைமிங் சரிபார்க்கப்பட்டது என்று அழகான ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவான். யார் சரிபார்த்தது என்று அந்த நோட்டு கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகுகள் தெரியும், முதுகுகளுக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று தெரியாது, இருந்தும் சரிபார்க்கப்பட்டது என்று எழுதுவான், பத்துத் தரமாவது எழுதியிருப்பான், விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. தானியங்கி மெஷின் வந்து அவனை ஊருக்கு அனுப்பியது. கல்யாணம் கூடிவராமலே நாற்பத்தெட்டு வயது, தங்கை வீட்டு மாடியறை, சாப்பாட்டுக்குக் கூப்பிடும்போது கீழே வந்து சாப்பிட்டுவிட்டு மேலே போகிறவன். இந்தத் தடைக்காலத்தில் பம்ப் ஒழுகுகிறது என்று கஸ்பார் மேஸ்திரியைக் கூப்பிடப் போனபோது, மேஸ்திரி எதுக்கு, நான் கழற்றுகிறேன் என்று ஏன் சொன்னான். சோற்றுக்கு ஈடாகவா. அமலியின் முகம் அப்போது எப்படி விரிந்தது. அந்த முகத்தை இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் இன்னொரு முகம் கூடவே வரும், அதை அவன் பார்க்கவில்லை, போனில் கேட்டதுதான், ஏழு வருஷம் முன்னால், கஸ்பாரின் பழைய படகு பிஸ்டன் ஓட்டையாகி ஒன்றரை நாள் மிதந்தபோது. "இன்னும் வரலண்ணே. எல்லா போட்டும் வந்துட்டு, அவிய மட்டும் வரலண்ணே." வேறெதுவும் சொல்லாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். தீவிலிருந்து அவன் என்ன சொன்னான்? பயப்படாதே என்றான். குளிர்ந்த அறையில் ஊசிகளைப் பார்த்துக்கொண்டே பயப்படாதே என்றான்.

பாட்டு பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் பத்துப் படகு, இன்னும் ஏழு படகு என்று மனசு ஓரமாக எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது போல, இப்போது மூன்று. நெற்றி வியர்வை கண்ணில் எரிந்தது. நடுவில் வைத்தால் என்ன. இரண்டு நகத்துக்கும் நட்டநடுவில், கம்பெனிக் குறிக்கு நேராக, எந்தக் கம்பெனியோ, வைத்து முறுக்கி, புட்டியைத் திறந்து ஓர் இழுப்பு. சிவப்புக் கோடு. கஸ்பார் குனிந்து பார்ப்பான், கோடு இருக்கும், சரி மச்சான் என்பான். ஒருவேளை அதுவே சரியான இடமாகவும் இருக்கலாம், இருக்கக்கூடாது என்று என்ன சட்டம், விளக்குகள் எரிந்துகொண்டுதானே இருந்தன. தட்டை நடுவில் நிறுத்தினான். மூன்று நட்டுகளையும் விரலால் ஏற்றினான், ஸ்பானரால் முறுக்கினான், அவை சொன்னபடி கேட்டன, எவ்வளவு எளிதாகக் கேட்கின்றன, எந்த இடத்தையும் தன் இடம் என்று ஏற்றுக்கொள்கின்றன. இனி கழற்றமாட்டேன் என்று நினைத்தான், புட்டியின் மூடியைத் திருகினான். வாசனை வந்தது. தின்னரின் அதே வாசனை, பழுத்த பழமும் பெயிண்டும் கலந்த மாதிரி, மூக்கு வழியாக நேரே முந்தாநாளுக்குப் போயிற்று, நூல் உருண்டை, அழுத்தித் துடைத்த கை, அந்தக் கையின் ஆனந்தம், சிவப்பு இழுபட்டு இளஞ்சிவப்பாகி இல்லாமல் போனது, அந்த ஒரு கணம் கண் பார்த்தது, கண்ணுக்குப் பின்னால் யாருமில்லை. எந்தப் பக்கம் என்று மட்டும் அப்போதும் தெரியவில்லை. தூரிகை நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு நின்றது. அது சொட்டுவதற்கு முன் வரைந்துவிட வேண்டும் என்று தோன்றியது, வரையவில்லை, அது சொட்டி அவன் பெருவிரல் நகத்திலேயே விழுந்தது, ஒரு பெண்ணின் விரல் மாதிரி அந்த ஒரு நகம். பக்கத்துப் படகில் சாமியாரின் குரல், "ஆண்டவரே, இந்தப் படகையும் இதில் போகிறவர்களையும்", தண்ணீர் தெளிக்கிற சத்தம், யாரோ ஒரு பெண் சத்தமாக ஆமென் என்றாள். அமலியும் வந்திருக்கிறாள், "மேல வாங்கண்ணே, சாமி வந்துட்டாவ" என்று அவள்தான் கூப்பிடுகிறாள், புதுச் சேலையின் விளிம்பு மேலே வெளிச்சத்தில் ஆடுகிறது. பெருக்குற கைக்கு மூக்குத்தி தெரியாது தாயி. அந்தப் பெண்கள் எதற்குச் சிரித்தார்கள். மிக்கேல் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கோயிலுக்குப் பின்னால் குப்பைமேட்டுப் பக்கம் கை காட்டுவார், கொட்டுன எடம் தெரியும், வா காட்டுதேன். அவ்வளவுதான், அதுதான் அந்த மற்றப் பாதி, இத்தனை நேரம் எங்கே இருந்ததோ, அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே அவர் பின்னால் போவார்கள். வாளிக்குப் பின்னால் உருண்டை அப்படியே கிடந்தது. அதில் கோடு இல்லை, சிவப்பு மட்டும்தான் இருந்தது, அதை விரித்துப் பார்த்தாலும் எந்தப் பக்கம் என்று அது சொல்லப் போவதில்லை. "மச்சான், கோடு நேரா இருக்கா?" என்று கஸ்பாரின் குரல்.

ரெமிஜியுஸ் புட்டியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கழிவு நூல் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியேறி மேலே வந்து, கோட்டைத் தான்தான் துடைத்துவிட்டதாகவும், விண்ணரசி நாளைக்குக் கடலுக்குப் போகக் கூடாது என்றும், சாமியாரும் அமலியும் தொம்மையும் நிற்க, கஸ்பாரிடம் சொன்னான்.